மூட்டைக்காரனின் ஒன்பதாவது கதவு

என் கொப்பியில் மூன்று நிரல்கள் இருந்தன. ஒளித்திருப்பது என்ன, எங்கே, கண்டுபிடித்தவர் யார். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, தலைப்புகளைச் சிவப்புப் பேனையால் எழுதியிருந்தேன். எட்டு மாதங்களில் நாற்பத்தொரு வரிகள் நிரம்பின. மூன்றாவது நிரலில் நாற்பத்தொரு தடவையும் ஒரே சொல்தான்: நான்.

இப்போது எடுத்துப் பார்த்தாலும் அந்தக் கையெழுத்து எனக்குப் பிடிக்கும். எங்கள் குடும்பத்தில் கையெழுத்து என்று ஒன்றை வைத்திருந்த முதல் ஆள் நான். அப்பா எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் பெருவிரலை மையில் தொட்டு வைத்துவிட்டு வருவார். அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போனது ஒரே ஒரு மாரி காலம்.

நாங்கள் ஊருக்குத் திரும்பி இரண்டாவது வருடம் அது. இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்திலேயே என்னை மன்னாரில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் சேர்த்துவிட்டிருந்தார்கள். அங்கிருந்தே உயர்தரம் எழுதினேன். ஆறு மாதக் கணினிப் பயிற்சியும் முடித்துச் சான்றிதழோடு ஊர்ச் சந்தியில் பஸ்ஸால் இறங்கியபோது எங்களுக்கு ஒரு தகரக் கொட்டிலும், அதற்குப் பின்னால் நான்கு சுவர்களும் இருந்தன. வீட்டுத்திட்டச் சுவர்கள். கூரைக்குரிய மரமும் ஓடும் அடுத்த மாதம் வரும் என்று அந்த மாதமும் சொல்லியிருந்தார்கள்.

கூரை போட்டு முதலில் முடிந்தது கோவில் மண்டபம்தான். அதற்குள் நான்கு பழைய கணினிகள் வந்து இறங்கின. ஏதோ ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் கொடுத்தது. மீன் ஏற்றும் லொறியில், யூரியாச் சாக்கில் சுற்றி வந்தன. எங்கள் பங்குக் குருவான பாதர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பிள்ளை, நீதான் படிப்பிக்கப் போறாய். வருசம் முடிய முந்தி கொழும்பில இருந்து வந்து பாப்பினம். வகுப்பு ஒழுங்கா நடந்தா உனக்கு நிரந்தர வேலை, கடிதத்தோட. விளையாட்டுக் கொட்டில் மாதிரிக் கிடந்தா நாலையும் ஏத்திக்கொண்டு போய் வேற ஊருக்குக் குடுத்திடுவினம். விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு பாதர்."

நன்றாகவே விளங்கியது. கடிதத்தோடு வரும் வேலை எங்கள் பரம்பரையில் எவருக்கும் வந்ததில்லை.

வகுப்பு தொடங்கிய முதல் நாளே நான் ஒரு சட்டம் போட்டேன். எங்கள் ஊரில் சிலுவை போடாமல் எந்த வேலையும் தொடங்காது. வள்ளத்தைத் தள்ளும்முன் போடுவார்கள், வலையைத் தொடும்முன் போடுவார்கள். கடற்கரை வாடியில் கருவாட்டுக்கு மீன் வெட்டும் அம்மா, கத்தியை எடுக்கும்முன் ஈரக்கையால் நெற்றியைத் தொடுவார். அங்கே ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டு பொழுதுபடும்வரை மினுங்கும். பிள்ளைகளும் கணினிக்கு முன்னால் அமர்ந்ததும் கும்பலாகக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார்கள்.

"இது வள்ளம் இல்லை," என்றேன். "கொம்பியூட்டருக்குச் சிலுவை தேவையில்லை. கையைக் கீபோட்டில வையுங்கோ."

அப்படிச் சொன்னபோது என் குரல் எனக்கே பெரிய ஆளின் குரலாகக் கேட்டது.

நான்காவது கணினியில், முன்பு அதை வைத்திருந்த யாரோ ஒருவர் அழிக்க மறந்த ஒரு விளையாட்டு இருந்தது. அழிக்கத்தான் போனேன். அழிப்பதற்குமுன் என்னவென்று ஒரு தடவை திறந்து பார்த்தேன்.

நான் பிறந்த காலத்தில் செய்யப்பட்டதாக இருக்கவேண்டும். முதுகில் மூட்டை கட்டிய ஒரு குட்டி மனிதன் இடமிருந்து வலமாக ஓடுவான். பள்ளத்தைத் தாண்டுவான், கல்லுக்குக் கல் பாய்வான், தேளை மிதிப்பான். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு கதவு. அதைத் திறந்தால் அடுத்த கட்டம். எட்டுக் கட்டம், எட்டுக் கதவு என்று தொடக்கத்தில் எழுதிக் காட்டும். காலையில் வகுப்புக்கு முந்திய அரை மணித்தியாலம் நான் விளையாடுவேன். பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்ப்பார்கள்.

"ரீச்சர், இவன் எங்கட ஆள்," என்றாள் முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண். "எங்க போனாலும் மூட்டையோட போறான்."

அன்றிலிருந்து அவன் பெயர் மூட்டைக்காரன்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, விளையாட்டின் நடுவே மண்டபத்துக்கு யாரோ வர, நான் கையை எடுத்துவிட்டுப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் மூட்டைக்காரன் மூட்டையை இறக்கிவைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான். முகத்தைத் துடைத்தான். பிறகு திரும்பி, திரைக்கு வெளியே, என்னை நேராகப் பார்த்தான். நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். யாரும் விளையாடாமல் விட்டால்தான் அவன் அப்படிச் செய்வான். விளையாடாமல் விடுகிறவருக்காக யாரோ உட்கார்ந்து அதை வரைந்திருக்கிறார்கள்! கொப்பியின் முதல் வரி அதுதான்.

அதன்பின் என்னால் நிறுத்த முடியவில்லை. இரண்டாம் கட்டத்து நிலவும் ஐந்தாம் கட்டத்து வண்டிச் சக்கரமும் ஒரே வட்டம் என்று கண்டேன். நிறம் மட்டும்தான் வேறு. நான்காம் கட்டத்து நீர்வீழ்ச்சிக்குப் பின்னால், விழுந்து சாவான் என்று நினைத்த இடத்தில், சாகாமல் ஒரு இருட்டு அறைக்குள் போய் நின்றான். அந்த அறையின் சுவரில் ஆங்கிலத்தில் ஆறு பெயர்கள். கீழே ஒரு வரி: எங்கள் பெயரைப் போட விடவில்லை, அதனால் இங்கே இருக்கிறோம்.

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. விளையாட்டைச் செய்தவர்கள் அவர்கள். அவர்களுக்கே பெயர் போட அனுமதி இல்லை. தண்ணீருக்குப் பின்னால், எவனாவது தவறி விழுந்தால் பார்க்கட்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். படித்த மனிதர்களுக்கும் அப்படி நடக்குமா என்று திகைத்துப்போனேன். அதை நான் கண்டுபிடித்தேன் என்ற பெருமை வந்து அந்தத் திகைப்பை மூடிவிட்டது. கொப்பியில் எழுதினேன். மூன்றாவது நிரலில் 'நான்'.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. விளையாட்டின் முகப்புப் படத்தில் ஒரு குடிசை, ஒரு மரம், மரத்தடியில் ஒரு சின்னப் பூட்டு. பூட்டு விட்டுவிட்டு மினுங்கும். மன்னார் ரவுனில் சீடி விற்கிற கடைக்காரரிடம் கேட்டேன்.

"அதில ஒரு சேர்க்கை இருக்காம் தங்கச்சி. கீயளை ஏதோ ஒரு ஒழுங்கில அமத்த வேணுமாம். அமத்தினா உள்ளுக்கு இருக்கிற முழுக்க வெளியில வருமாம். எனக்குத் தெரியாது. கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்கோ."

எட்டு மாதம் தேடினேன். கொப்பியின் பின்பக்கங்கள் முழுக்க என் முயற்சிகள்: ஆறு பெயர்களின் முதலெழுத்துகள், அவற்றைப் புரட்டிப் போட்டது, எண்களாக மாற்றியது. படித்தவர்கள் ஒளித்தது படித்தவர்களுக்கு மட்டுமே அகப்படும்படி இருக்கும் என்று நான் நம்பினேன். காலையில் ஒரு நிமிடமும் வீணாகக்கூடாது என்று, கணினியைப் போட்டதும் விளையாட்டு தானாகத் திறக்கும்படி செய்து வைத்தேன். வகுப்புக்கு முன் அதை மூடிவிடுவேன். எவருக்கும் தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரியும், ஆனால் பிள்ளைகளுக்கு என்னிடம் பயம்.

கொழும்பிலிருந்து வருகிற நாள் வந்தது. நான்கு கணினிக்கும் நான்கு பேரை இருத்தவேண்டும், அதில் ஒருவராவது தொழிலாளிக் குடும்பத்துப் பெரிய ஆளாக இருக்கவேண்டும் என்று பாதர் சொல்லியிருந்தார். ஒரு அக்காவை ஒரு மாதமாகப் பழக்கி வைத்திருந்தேன். அன்று காலை நண்டு வலை நிறைந்து வந்துவிட்டது என்று அவர் கரையை விட்டு அசையவில்லை. வாகனம் சந்தியில் திரும்பிவிட்டது என்று பிள்ளைகள் ஓடிவந்து சொன்ன அதே நேரத்தில், விருந்தினருக்குத் தேத்தண்ணிப் போத்தலோடு அம்மா மண்டபத்துக்குள் வந்தார்.

"அம்மாவை இருத்து," என்றார் பாதர்.

"பாதர், அவவுக்கு ஒண்டும் தெரியாது."

"இருக்கத் தெரியும்தானே? இருத்து."

நான்காவது கணினிக்கு முன்னாலிருந்த கதிரை மட்டும்தான் வெறுமையாக இருந்தது. அம்மா அதன் நுனியில், வள்ளத்தின் பக்கப் பலகையில் இருப்பதுபோல் இருந்தார். வாடியிலிருந்து நேராக வந்திருந்தார். விரல்கள் உப்பில் ஊறி வெடித்திருந்தன. நெற்றியில் அந்தச் செதில். நான் அதைத் தட்டிவிட்டேன். தட்டின வேகத்தில் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"இஞ்ச பாருங்கோ. கையை எடுக்கக் கூடாது. என்ன நடந்தாலும் எடுக்கக் கூடாது. கைய ஆட்டிக்கொண்டிருந்தா மரியாதையில்லை."

அம்மாவின் வலக்கையை எடுத்து, ஒரு ஓரமாகத் தனியே இருக்கும் நான்கு அம்புக்குறி விசைகளின்மேல் வைத்தேன். அவை எந்த எழுத்தையும் அடிக்காது. கை நடுங்கினாலும் திரையில் ஒன்றும் விழாது.

"நான் கையைக் காட்டுவன். காட்டினதும் மற்றக் கையால இந்தப் பெரிய கட்டையை ஒருக்கா அமத்துங்கோ. பாடம் துடங்கும். அவ்வளவுதான்."

"அமத்தினா உடையாதே பிள்ளை?"

"உடையாது. கதையாதேங்கோ."

வந்தவர் ஒரு மிஸ். முப்பத்தைந்து வயதிருக்கும், கட்டையாக வெட்டிய தலைமயிர், காலில் சப்பாத்து. பாதர் மாலை போட்டார். நான் மனப்பாடம் செய்த வரவேற்புரையைத் தொடங்கினேன். மூன்றாவது வசனத்தில் கரண்ட் போனது.

இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. நான் ஓடிப்போய் நான்கு கணினிகளின் பொத்தானையும் அமத்தினேன். அதற்குள் மிஸ் முதலாவது கணினிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இவங்க எத்தனை மாசமாப் படிக்கிறாங்க?" என்று கேட்கத் தொடங்கினார். நான் பதில் சொன்னேன். நல்ல பதில்கள். சொல்லிக்கொண்டே நிமிர்ந்தபோதுதான் அம்மாவின் பக்கம் கண் போனது.

நான்காவது கணினியில் குடிசையும் மரமும் பூட்டும். தானாகத் திறக்கும்படி வைத்தவள் நான்தானே.

மண்டபத்தின் மறுகோடியில் அம்மா திரையைப் பார்த்தபடி ஆடாமல் அசையாமல் இருந்தார். என்னால் அங்கே போகமுடியாது. மிஸ்ஸின் தலைக்குமேலால் அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினேன். வேண்டாம், அமத்தாதேங்கோ என்று. அம்மா தலையாட்டினார். கையைக் காட்டினால் தொடங்கவேண்டும் என்று சொல்லி வைத்தவளும் நான்தான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

அம்மா நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார். உதடுகள் அசைந்தன. கையை எடுக்கக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன், அதனால் எடுக்கவில்லை. நடுவிரல் மட்டும் அசைந்தது. மேல் விசை. கீழ் விசை. இடம். வலம். பிதா, சுதன், பரிசுத்த ஆவி. பிறகு, ஆமென் சொல்லும் இடத்தில், பெரிய கட்டை.

அந்தச் சத்தம் எட்டு மாதத்தில் நான் கேட்காதது. திருப்பலியில் நற்கருணையை உயர்த்தும்போது ஆட்டுகிற சின்ன மணியின் சத்தம்போல, மூன்று தடவை. பூட்டு திறந்து விழுந்தது. முகப்புப் படம் நீங்கி ஒரு பட்டியல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டுக் கட்டங்களின் பெயர்கள். எட்டுக்குக் கீழே, பெயரில்லாமல், ஒன்பது.

பயமா, வேலை போகப்போகிறதே என்ற கலக்கமா, எட்டு மாதம் தேடியது நாலு தட்டில் திறந்துவிட்டதே என்ற எரிச்சலா, எது முதலில் வந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

மிஸ் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "ஐயோ! இது அந்த விளையாட்டு!" ஏறக்குறைய ஓடினார். "இந்த லிஸ்ட்! சின்ன வயசில நானும் அண்ணாவும் இந்த லிஸ்ட்டைத் திறக்கத் தெரியாம எத்தனை சண்டை பிடிச்சிருப்போம்! கடைசில ஒரு பத்திரிகையில போட்டிருந்தாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும் அம்மா?"

அம்மா என்னைப் பார்த்தார். பாதர் திரையைப் பார்த்தார், பிறகு என்னை. அவர் முகத்தில் விளையாட்டுக் கொட்டில் என்ற சொல் அப்படியே எழுதியிருந்தது.

"யார் இவங்க?" என்று மிஸ் என்னைக் கேட்டார்.

"தெரியாது மிஸ்," என்றேன். "ஊர் ஆள் ஒராள். தேத்தண்ணி கொண்டு வந்தவா. படிக்கிற ஆள் வராததால சும்மா இருத்தினனாங்கள். இந்த விளையாட்டு... ஆரோ பிள்ளையள் போட்டிருக்கினம்போல."

ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன். என் வாய்தான் சொன்னது. அது அவ்வளவு சுலபமாக வந்ததுதான் என்னை இன்றைக்கும் உலுக்குகிறது. வரவேற்புரையில்கூட இரண்டு இடத்தில் தடக்கினேன். இதில் தடக்கவில்லை.

அம்மா கதிரையிலிருந்து எழும்பினார். "ஓம் மிஸ்," என்றார். "நான் தேத்தண்ணிக்கு வந்தனான். கை தவறிப் பட்டிட்டுது."

போத்தலை எடுத்துக்கொண்டு சுவரோடு போய் நின்றார்.

மிஸ் அதே கதிரையில் இருந்தார். வகுப்பைப் பார்க்க வந்தவர் என்பதை மறந்துவிட்டார். பட்டியலில் ஆறாம் கட்டத்தைத் தெரிந்தெடுத்து மூட்டைக்காரனை ஓடவிட்டார். அவருக்குக் கை பழக்கம் விட்டுப் போயிருந்தது. இரண்டு தடவை பள்ளத்தில் விழுந்தார். ஒரு கற்சுவருக்கு முன்னால் வந்து நின்றார்.

"இந்த இடம் ஞாபகம் இருக்கு. இந்தச் சுவருக்குப் பின்னால ஒண்ணுமே இல்ல. நாங்க எவ்வளவோ முட்டிப் பார்த்தோம்."

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மூடியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் பின்னால் ஒன்றும் இல்லை என்று ஒருவர் தவறாகச் சொல்ல, சரியான விடை தெரிந்த நான் எப்படிச் சும்மா நிற்பது?

"இருக்கு மிஸ். கீழ இருந்து மூண்டாவது கல். முட்டக்கூடாது. அதுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்த வேணும். மூட்டை பட்டாத்தான் திறக்கும்."

மிஸ் குந்தவைத்தார். சுவர் திறந்தது.

பாதர் என் பக்கம் திரும்பினார்.

"ஆரோ பிள்ளையள் போட்டது எண்டு சொன்னாய்," என்றார் பாதர் மெல்லமாக.

மேசையிலிருந்த வரவு இடாப்புப் புத்தகத்துக்குக் கீழே கொப்பியின் சிவப்புத் தலைப்பு தெரிந்துகொண்டிருந்தது. அவரே இழுத்து எடுத்தார். பார்த்துவிட்டு மிஸ்ஸிடம் நீட்டினார். மிஸ் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அவருடைய புருவங்கள் ஏறிக்கொண்டே போயின. "கண்டுபிடித்தவர், நான். நான். நான். நான்," என்று மெதுவாக வாசித்தார். ஜன்னலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இவ்வளவும் நீங்க தனியாவா கண்டுபிடிச்சீங்க? எங்களுக்கு இதில பாதிகூடத் தெரியாது." பிறகு தேடினார். "லிஸ்ட்டைத் திறக்கிற வழி மட்டும் இதில இல்லையே?"

"அது... எனக்குத் தெரியாது மிஸ். எட்டு மாசம் தேடினனான்."

"அப்ப இந்த அம்மாவுக்கு எப்படி...?"

"அது ரீச்சரின்ர அம்மா!" என்று கத்தினாள் முன்பல் இல்லாதவள். "ரீச்சர் பொய் சொல்றா! அது அவவின்ர சொந்த அம்மா!"

மிஸ் அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு. யாரும் சொல்லத் தேவையில்லை.

அம்மா கோப்பையில் தேத்தண்ணி வார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "இல்லை மிஸ்," என்றார். "அது சின்னப்பிள்ளை, வாய்க்கு வந்ததைச் சொல்லுது. நான் தேத்தண்ணிக்கு வந்தனான்."

நான் வெட்கப்பட்டு மறுத்ததை, நான் அகப்பட்ட பிறகும் அம்மா காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

"என்ர அம்மா மிஸ்," என்றேன். "அம்மாதான் மிஸ். விளையாட்டையும் நான்தான் வைச்சிருந்தனான்."

அம்மா மிஸ்ஸின் கையில் கோப்பையைக் கொடுத்தார். மிஸ் அதை வாங்கி வைத்துவிட்டு, அம்மாவின் விரல்களைப் பார்த்தபடி கேட்டார்: "எப்படி அம்மா அந்த நாலு கீயையும் அந்த ஒழுங்கில அமத்தணும்னு தோணிச்சு?"

"கையை எடுக்கக் கூடாது எண்டு பிள்ளை சொன்னவா," என்றார் அம்மா. "சிலுவை போடாம எப்பிடித் துடங்கிறது? அந்த நாலு கட்டையும் சிலுவை மாதிரித்தானே கிடக்கு. அதில போட்டனான்."

மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். பாதர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. விளையாட்டைச் செய்தவர்கள் ஒவ்வொரு கட்டமாகச் சோதித்துப் பார்க்க அந்தப் பட்டியலை வைத்தார்கள், தங்களுக்கு மறந்துபோகாமல் இருக்க ஆகச் சுலபமான நான்கு விசைகளைத் தெரிந்தெடுத்தார்கள், பத்திரிகையில் அப்படித்தான் போட்டிருந்தது என்றார் மிஸ். ஆகச் சுலபமான நான்கு. நான் என் கொப்பியின் பின்பக்கங்களை நினைத்தேன்.

"ஒன்பது என்னெண்டு பாக்கேல்லையே?" என்று ஜன்னலில் இருந்து ஒரு குரல் கேட்டது.

மிஸ் ஒன்பதைத் திறந்தார். எதிரிகள் இல்லை. இசை இல்லை. வெறும் தரை, ஒரு பாதி வானம். மூட்டைக்காரன் நடந்து நடந்து ஒரு வீட்டுக்கு முன்னால் போய் நின்றான். நான்கு சுவர், ஒரு கதவு. மேலே ஒன்றும் இல்லை. கதவு திறக்கவில்லை. செய்தவர்கள் முடிக்காமல் விட்ட கட்டம், வெளியில் எடுக்க நேரமில்லாமல் உள்ளேயே கிடக்கிறது என்றார் மிஸ்.

அம்மா எட்டிப் பார்த்தார். "கூரை போடாம விட்டிட்டாங்களோ?" என்றார். "அங்கயுமோ?"

மண்டபமே சிரித்தது. பாதர் இந்தத் தடவை மறைக்காமல் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிக்க வரவில்லை.

மிஸ் போகும்போது வருகைக் கொப்பியில் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினார். கணினிகள் இந்த ஊரிலேயே இருக்கட்டும் என்பது அதில் ஒரு வரி. வாகனம் மறைந்த பிறகு பாதர் என்னிடம் திரும்பினார்.

"அழி."

அவர் பார்க்கப் பார்க்க அழித்தேன்.

"ரெண்டு கிழமைக்கு மண்டபத்துக்கு வராத. விளையாட்டுக்காக இல்லை. எதுக்காக எண்டு உனக்குத் தெரியும். கடிதத்தைப் பற்றி அதுக்குப் பிறகு பாப்பம்."

வீட்டுக்குப் போனபோது அம்மா கொட்டிலுக்கு வெளியே பலகை போட்டுச் சூடை மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குந்தினேன். மன்னிப்புக் கேட்கப் பல வசனங்களைச் சேர்த்து வைத்திருந்தேன். நான் வாயைத் திறக்கும்முன் அம்மாதான் பேசினார்.

"அந்த மூட்டைக்காரன் கடைசியில எங்க போறவன்?"

"எந்தக் கடைசி?"

"எட்டாவது கதவுக்கு அங்கால. வீட்ட போய்ச் சேருறானோ?"

எட்டு மாதம். நாற்பத்தொரு ஒளிப்பிடங்கள். ஒரு தடவைகூட நான் எட்டாவது கதவு வரை விளையாடி முடிக்கவில்லை. ஒளித்ததைத் தேடுவதிலேயே காலம் போய்விட்டது. இப்போது அழித்தும்விட்டேன்.

"தெரியாது அம்மா," என்றேன். அந்த நாளில் நான் சொன்ன மூன்றாவது 'தெரியாது' அது. முதலாவது மட்டும் பொய்.

அம்மா ஒரு மீனைப் புரட்டினார். "அந்த நாலு கட்டையை வைச்சவையள், லேசு எண்டு வைச்சவை எண்டா சொன்னவா அந்த மிஸ்?"

"ஓம்."

"அப்பிடி இல்லை. அவையளும் வேலை துடங்க முந்திச் சிலுவை போட்டிருப்பினம்."

நான் எழும்பிப்போய், மிஸ் திருப்பித் தந்திருந்த கொப்பியை எடுத்து வந்து, நாற்பத்திரண்டாவது வரியை எழுதினேன். பூட்டின் திறப்பு. முகப்பில். மேல், கீழ், இடம், வலம், பிறகு பெரிய விசை. மூன்றாவது நிரலுக்கு வந்ததும் பேனை கொஞ்ச நேரம் நின்றது.

"என்ன எழுதிறாய்?" என்றார் அம்மா, கையை நிறுத்தாமல்.

"உங்களைத்தான். கண்டுபிடிச்ச ஆள் ஆர் எண்டு எழுத வேணும். அம்மா எண்டு போட்டிருக்கிறன்."

அம்மா எட்டி அந்தச் சொல்லைப் பார்த்தார். அவருக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மீன் பக்கம் திரும்பினார்.

"ஏன் அம்மா எண்டு போட்டனி? தேத்தண்ணிக்கு வந்த ஆள் எண்டு போடு."

சொல்லிவிட்டு, கழுவின மீன் சட்டியை என் பக்கம் தள்ளினார். நான் கொப்பியை மூடி வைத்துவிட்டு, கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். வெட்டத் தொடங்கும்முன் ஈரக்கை தானாக நெற்றிக்குப் போனது. அம்மா அதைப் பார்த்துவிட்டு அடுத்த மீனை எடுத்தார்.